லேபிளை மூடிட்டு ஊத்துங்க: வீட்டில் விஸ்கி ருசி பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கம் எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடுவோம். கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் விஸ்கிகளை, எது எந்த பிராண்டு என்று தெரியாமல் வரிசையாக வைத்து முகர்ந்து, ஒரு மடக்கு நாக்கில் போட்டு, தோன்றியதை நோட்டில் எழுதுவோம். மூன்று வருடமாக நடக்கிறது. விஷயம் சொந்தபந்தத்தில் பரவி, கல்யாண வீட்டிலும் நோம்பியிலும் என்னை ஓரங்கட்டிக் கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன்.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்தப் பக்கமும் அவர்களுக்கானது அல்ல. இதுவரை குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்கவும் வேண்டாம்.

ஏனுங்ணா, குடிக்கறதுக்கும் ருசி பாக்கறதுக்கும் என்னங்க வித்தியாசம்?

அளவுதான். நாங்கள் ஆளுக்கு நாலு கிளாஸ் வைப்போம், கிளாஸுக்கு 15 மில்லி. எல்லாவற்றையும் விழுங்கினாலும் மொத்தம் 60 மில்லி. நம்மூர் சரக்கு 42.8 சதவீதம் என்பதால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 20 கிராம் இருக்கும். ஒரு குவாட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கும், துப்புகிறவர்கள் துப்பலாம். குன்னூரில் தேயிலைக்கு ருசி பார்ப்பவர்கள் நாள் முழுக்க உறிஞ்சித் துப்பிக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் டீ குடிக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. முதல் மாதம் சொம்பைப் பார்த்துச் சிரித்த என் பங்காளிதான் இப்போது முதலில் அதை எடுத்து வைக்கிறார்.

"கொஞ்சமா குடிச்சா ஒடம்புக்கு நல்லதாமே?" என்றும் கேட்பார்கள். இல்லை. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே பட்டியலில் போட்டுவிட்டது. நல்லது என்பதற்காக நாங்கள் செய்யவில்லை.

என்னென்ன பாட்டில் வாங்கணும்?

கடையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதில்தான் பொறுக்க வேண்டும், நம் இஷ்டத்துக்குக் கிடைக்காது. ஆனாலும் மூன்று ரகத்தில் ஒவ்வொன்று இருந்தால் வித்தியாசம் பிடிபடும். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) ஸ்பிரிட்டில் செய்த மலிவு ரகம் ஒன்று. தானிய ஸ்பிரிட்டோடு ஸ்காட்லாந்து மால்ட் (முளைகட்டிய பார்லியில் வடித்தது) கலந்த நடுத்தர ரகம் ஒன்று: ராயல் ஸ்டாக், பிளெண்டர்ஸ் பிரைடு மாதிரி, இரண்டும் 1995ல் வந்தவை. ஸ்காட்லாந்திலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே பாட்டிலில் அடைக்கிற ஸ்காட்ச் ஒன்று, டீச்சர்ஸ் மாதிரி. குவாட்டராகக் கிடைத்தால் குவாட்டரே போதும். செலவை ஆளுக்குப் பிரித்துக்கொண்டால் ஒருத்தர் தலையில் விழாது.

நாலாவது கிளாஸில் புது பாட்டில் வேண்டாம். முதல் மூன்றில் ஏதாவது ஒன்றையே திரும்ப ஊற்றுங்கள், யாரிடமும் சொல்லாமல். ஏன் என்று கீழே வருகிறது.

நம்மூர் விஸ்கி நெசமாவே விஸ்கிதானுங்களா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்து சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்தை ஊறவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் தானியத்தில் வந்தால்தான் விஸ்கி என்கிறது. இந்தியாவில் மலிவு விலை விஸ்கிகளில் பெரும்பகுதிக்கு அடிப்படை, எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால் என்கிற, 96 சதவீதம் வரை வடித்தெடுத்த, வாசமோ ருசியோ இல்லாத ஸ்பிரிட். அது தானியத்திலும் வரும், சர்க்கரை ஆலை மொலாசஸிலும் வரும். அதோடு கொஞ்சம் மால்ட், நிறத்துக்குக் கேரமல், சிலவற்றில் வாசனைச் சேர்மானம், மிச்சம் தண்ணீர். மொலாசஸ் ரகத்தை ஐரோப்பாவில் விஸ்கி என்று பேர் போட்டு விற்க முடியாது. கரும்பிலிருந்து வடித்தால் அவர்கள் கணக்கில் அது ரம்முக்குப் பங்காளி.

இதில் நமக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. சொல்லப்போனால் பெருமைக்குக்கூட ஒரு சந்து இருக்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியது. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் அங்கே பயிர்க் கரும்போடு காட்டுக் கரும்பை இனக்கலப்பு செய்து 'கோ' ரகங்களை உண்டாக்கினார்கள். கோ என்றால் கோயம்புத்தூர். அந்த வழியில் வந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்துக் கரும்புக் காடுகளை ஏறக்குறைய முழுசாகப் பிடித்தது. ஆக, வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஒருத்தர் மொலாசஸ் விஸ்கி குடித்தால், அந்தக் கரும்பின் பேரில் நம்ம ஊர் இருக்கலாம்.

பாட்டிலைத் திருப்பி லேபிளில் பொடி எழுத்தைப் படியுங்கள். தானிய ஸ்பிரிட், மால்ட், கேரமல், ஃபிளேவர் என்று என்னென்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத்தில் இருக்கும் மான், சிங்கம், கிரீடத்தைவிட அதில்தான் சேதி இருக்கிறது.

எந்த கிளாஸ்? டம்ளர் ஆகாதா?

எவர்சில்வர் டம்ளர் ஆகாது. முதல் மாதம் அதில்தான் ஊற்றினோம், நாலும் ஒரே மாதிரி தகர வாசம் அடித்தது. அகலமான வாய் உள்ள கிளாஸும் சரிப்படாது, வாசம் மேலே நிற்காமல் ஓடிவிடும். வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். இதற்கென்றே 2001ல் ஸ்காட்லாந்தில் கிளென்கெய்ர்ன் என்று ஒரு கிளாஸ் கொண்டுவந்தார்கள், விலை அதிகம். நான் பாத்திரக்கடையில் ஒரே அச்சில் ஆறு சின்னக் கண்ணாடிக் குடுவை வாங்கினேன், போதும். எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும், அது முக்கியம். ஊற்றியதும் மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடி அஞ்சு நிமிடம் விடுங்கள்.

அளக்க மருந்து பாட்டில் மூடி அருமையான சாமான், 5, 10, 15 என்று கோடு போட்டே வரும். ஆனால் நன்றாகக் கழுவ வேண்டும். எங்கள் இரண்டாவது கூட்டத்தில் நாலு கிளாஸிலும் எல்லோருக்கும் செர்ரிப் பழ வாசம் வந்தது. "ஸ்காட்ச்னா இதான்" என்று மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நோட்டிலும் எழுதிவிட்டோம். சாயங்காலம் கிளாஸ் கழுவும்போதுதான் தெரிந்தது, அது பையனின் இருமல் மருந்து மூடி.

லேபிள் தெரியாம எப்படி வெக்கறது?

ஊற்றுகிறவர் ருசி பார்க்கக் கூடாது, ருசி பார்க்கிறவர் ஊற்றக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம். கிளாஸின் அடியில் நம்பர் போட எங்களுக்குத் தையல் சாக்பீஸ் வாய்த்தது. பங்காளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அவர் பாக்கெட்டில் அது எப்போதும் இருக்கும். ஊற்றுகிறவர் எந்த நம்பரில் எது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தால் விளக்கைக் குறைத்துவிடுங்கள். பேச்சும் கூடாது. ஒருத்தர் "ம்ம், பொகை வாசம்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அத்தனை மூக்குக்கும் புகைதான் வரும். எழுதி முடித்த பிறகு பேசலாம்.

பத்துக்கு எத்தனை என்று ஆளாளுக்கு மார்க் போடுங்கள். அப்புறம் ஒளித்து வைத்த அந்த நாலாவது கிளாஸைப் பாருங்கள். ஒரே விஸ்கிக்கு ஒரே ஆள் இரண்டாவது கிளாஸில் 8, நாலாவது கிளாஸில் 4 போட்டிருப்பார். எங்கள் நோட்டில் இப்படி எத்தனையோ. இணையத்தில் பாட்டில் பாட்டிலாக நூற்றுக்கு மார்க் போட்டு எழுதுகிறவர்களை அதிலிருந்து நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ரெண்டு பிராண்டுக்கு நடுவுல நெசமா வித்தியாசம் இருக்குதான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

மூன்று கிளாஸ் வையுங்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். உணவுக் கம்பெனிகள் பிஸ்கட், காபித் தூளுக்கெல்லாம் இதே சோதனையைத்தான் செய்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரு தடவை ஜெயித்தது கணக்கில்லை. ஆறு தடவை வைத்து, அதில் அஞ்சு தடவையாவது சரியாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். குருட்டு அடியில் அந்தளவு சரியாவது நூற்றுக்கு இரண்டு தடவைகூட வராது. ஆறையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதியை முகர்ந்தே முடியுங்கள்.

எங்கள் அனுபவத்தில் ஸ்காட்சுக்கும் மலிவு ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அநேகமாக எல்லோரும் பிடித்துவிட்டோம். பக்கத்துப் பக்கத்து விலையில் இருக்கும் இரண்டு இந்திய விஸ்கிகளில் ஒருத்தரும் அஞ்சைத் தொடவில்லை. அதில் ஒன்றைத்தான் மச்சான் பதினைந்து வருடமாக வாங்குகிறார், இன்னொன்றைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்பவர். ஆறில் இரண்டு சொன்னார். பிராண்டை மாற்றிக்கொண்டாரா என்றால் இல்லை. "நாக்குக்குத் தெரீலீன்னா போகுது மாப்ளே, மனசுக்குத் தெரியுதில்ல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாசத்தை என்னன்னு சொல்றது? எனக்கு எல்லாம் சரக்கு வாசமாத்தான் அடிக்குது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு ஹீதர் பூவையும் டாஃபி ஆப்பிளையும் தேடினேன். வாழ்நாளில் முகராத பூவை கிளாஸுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்களுக்குக் கதவைத் திறந்தது என் வீட்டுக்காரம்மா. அவருக்கு இந்த வாசமே ஆகாது. ஒரு நாள் காபி கொண்டுவந்து வைத்தபோது, "அம்மிணி, ஒரே ஒருக்கா மோந்து மட்டும் பாரு" என்று மூன்று கிளாஸைக் காட்டினேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். மூன்றாவதில் நின்றார். "இது எங்கூரு தொட்டிக்கரி சுடற வாசமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குக் காங்கேயம். தேங்காய்த் தொட்டியைக் குழியில் போட்டுக் கரியாக்கும் புகையில் வளர்ந்தவர். மூன்றாவது கிளாஸில் இருந்தது டீச்சர்ஸ், அதில் பீட் புகை காட்டிய மால்ட் கலந்திருக்கும். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடி கொடி மக்கிக் கெட்டிப்பட்டது. ஸ்காட்லாந்தில் அதை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைப்பார்கள். அந்தப் புகை வாசத்தில் குவயக்கால் என்கிற பொருளுக்குப் பங்கு உண்டு. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் எரிந்தாலும் அதே குவயக்கால்தான் வரும், தேங்காய்த் தொட்டியில் லிக்னின் நிறைய. அவர் மூக்கு சொன்னது வெறும் உவமை இல்லை.

அன்றிலிருந்து நாங்கள் நம்ம வீட்டு வாசத்தையே எழுதுகிறோம். கொப்பரை வாசம் வந்தால் அது ஓக் மரம் தந்தது. அந்தப் பொருளுக்கு விஸ்கி லாக்டோன் என்றே பேர், அமெரிக்க ஓக்கில் அதிகம். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்று சட்டம். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போய்விடும், அதனால் ஸ்காட்சிலும் கொப்பரை. வெனிலா ஐஸ்கிரீம் வாசமும் மரத்திலிருந்து வருவதே, சேர்மானம் போட்டதிலும் வரும். வாழைப்பழ வாசம் ஈஸ்ட் வேலை. சத்தியமங்கலம், கோபிப் பக்கம் வாழைத்தாரோடு புழங்குகிறவர்களுக்குச் சட்டென்று மூக்கில் ஏறும். நெயில் பாலிஷ் மாதிரி குத்தினால் எத்தில் அசிட்டேட், பாட்டிலைத் திறந்தவுடன் கொஞ்சம் இருப்பது சகஜம், நிறைய இருந்தால் எனக்குப் பிடிக்காது. மொலாசஸ் ரகத்தில் சில சமயம் ஆலைக்கொட்டாயில் பாகு காய்கிற வாசம் வரும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து நாட்டுச்சக்கரை போகிறது. அந்த மூட்டையை அவிழ்த்தால் எப்படி மணக்குமோ அதை நினைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள், தெரியும்.

தண்ணி கலக்கலாமா, ராவா அடிக்கணுமா?

முதலில் அப்படியே முகர்ந்து ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்புறம் தண்ணீர். கலப்பது கோழைத்தனம் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. ஸ்காட்லாந்தில் விஸ்கி கலவை செய்வதே தொழிலாக உள்ளவர்கள் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். 42.8 சதவீத சரக்கு 15 மில்லிக்கு 6 மில்லி தண்ணீர் விட்டால் 30 சதவீதம் ஆகும், 17 மில்லி விட்டால் 20. ஸ்வீடனில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இரண்டு பேர் 2017ல் கணினியில் கணக்குப் போட்டு, தண்ணீர் சேரச்சேர குவயக்கால் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது என்று காட்டினார்கள். மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

எந்தத் தண்ணீர் என்பதில் நான் கண்டிப்பானவன். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் அதற்கு ஈடே கிடையாது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி வரும்போது இரண்டு பாட்டில் பிடித்து வருவான். "விஸ்கிக்குத் தண்ணி கொண்டாற ஆளு நாந்தான்" என்று அலுத்துக்கொள்வான். கிடைக்காவிட்டால் கேன் தண்ணீர்.

ஐஸ், சோடா, கோலா எல்லாம் ருசி பார்த்து முடித்த பிறகு உங்கள் இஷ்டம். ஜில்லென்று இருந்தால் வாசம் படுத்துவிடும், மலிவு ரகத்தின் குறையை மறைக்க அதுவே வழி. அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன், ஒப்பிடும்போது மட்டும் கூடாது.

எந்த நேரம், எந்த இடம்?

சித்திரை வெயிலில் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கிளாஸில் சூடு ஏறி ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கை அடைக்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அம்மியையே தூக்கும், வாசம் எம்மாத்திரம். வீட்டுக்குள் உட்காருங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, தலையில் தேங்காயெண்ணெய், பக்கத்தில் ஜாதிமல்லி எதுவும் ஆகாது.

தொட்டுக்க?

ருசி பார்க்கும்போது வெறும் பொரி, தண்ணீர். பள்ளிபாளையம் சிக்கனைக் கண்ணில் காட்டாதீர்கள், அந்த மிளகாய்க்குப் பிறகு நாக்குக்கு எதுவும் தெரியாது. ஆனால் வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வயசான விஸ்கின்னா ஒசத்திதானுங்களே?

பீப்பாயில் இருந்த காலம்தான் வயது. பாட்டிலில் அடைத்துவிட்டால் நின்றுபோகும். அப்புச்சி பீரோவில் இருபது வருடம் இருந்த பாட்டில் இன்றும் அதே வயதுதான். சூடும் கணக்கில் வரும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும், பெங்களூரில் பத்துக்கு மேல். அந்தச் சூட்டில் பெங்களூரில் சீக்கிரம் முதிர்ந்துவிடும். அப்படி முதிர்ந்த தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட்டில் மட்டும் வடித்த விஸ்கி) பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004ல் முதலில் இறக்கியது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்.

மிச்ச சரக்கை எப்படி வெக்கறது?

நிற்கவைத்து, வெயில் படாமல். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று அதிகம், சில மாதத்தில் வாசம் சோர்ந்துவிடும். சின்ன பாட்டிலுக்கு மாற்றினால் தாங்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துல ஒருத்தரு காச்சறாரு, அதையும் சேத்து வெச்சுப் பாக்கலாமுங்களா?

வேண்டாம். மெத்தனாலுக்குத் தனி வாசமோ ருசியோ தெரியாது, எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காய்ச்சுவதும் குற்றம்.

முடிச்சிட்டு வண்டி எடுக்கலாமா? அறுபது மில்லிதானே?

எடுக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கேஸ், அறுபது மில்லி பல பேருக்கு அதைத் தாண்டிவிடும். துப்பினவர்களும் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் திண்ணையில் பாய் போட்டாகிவிடும், காலையில்தான் சாவி. மச்சானுக்கு இதில் வருத்தம்தான், ஆனால் சாவி இருப்பது அவர் தங்கச்சி கையில்.

காலி பாட்டிலை என்ன பண்றது?

கடையில் கூடுதலாக வாங்கும் பத்து ரூபாயைக் காலி பாட்டில் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு 2022ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அதற்குப் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஆகவே பிராண்டை மறைக்கிறேன் என்று லேபிளை ஊறவைத்துக் கிழிக்காதீர்கள், பழைய செய்தித்தாளைச் சுற்றினாலே போதும். நான் முதல் மாதம் மூன்று பாட்டிலை வாளியில் ஊறப்போட்டு முப்பது ரூபாயை விட்டேன்.